வட சென்னைக்குக் குடிவருகிறவர்களுக்கு: மனசுக்கு இதமாக வீட்டை அமைத்துக்கொள்வது எப்படி

துறைமுகத்திலோ மணலி, எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளிலோ வேலை கிடைத்து வருகிறீர்கள். இல்லை, ஸ்டான்லி மருத்துவமனையில் படிக்கவோ வேலை பார்க்கவோ வருகிறீர்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர் என்று எங்கே தேடினாலும் உங்கள் கைக்கு எட்டுகிற வாடகையில் பெரும்பாலும் கிடைப்பது ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு கிச்சன்தான். அந்த வீட்டை மனசுக்கு இதமாக ஆக்கிக்கொள்ள முடியும். அதற்கான வழியை இங்கே முதல்முறை குடிவருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வீடும் மனநலமும் பற்றிக் கிடைக்கிற குறிப்புகள் பலவும் சோபா, திரைச்சீலை, சுவரின் நிறம் என்றுதான் தொடங்குகின்றன. சின்ன வாடகை வீட்டுக்கு அந்த வரிசை உதவாது. ஒரு வீட்டில் மனசு எப்படி இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்வது தூக்கம். புழுக்கம், கொசு, சத்தம், தவறான நேரத்து வெளிச்சம் இந்த நான்கும் சேர்ந்து தூக்கத்தைக் கெடுத்தால், எவ்வளவு அழகான வீட்டிலும் காலையில் எரிச்சலோடுதான் எழுந்திருப்பீர்கள். பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் கோபம் வரும், வேலையில் கவனம் நிற்காது. அதனால் கையில் இருக்கிற பணத்தையும் நேரத்தையும் முதலில் தூக்கத்துக்குச் செலவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வீடு பார்க்கும்போது

புரோக்கர் உங்களை ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்குக் கூட்டிப் போவார். அந்த நேரத்தில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்னும் இரண்டு வேளை போய்ப் பாருங்கள். ஒன்று பிற்பகல் 3 மணிக்கு, இன்னொன்று இரவு 9 மணிக்கு மேல்.

3 மணிக்குப் போனால் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆகவே கோடையில் அதிக வெயிலை வாங்குவது மொட்டை மாடி. அதற்கடுத்து கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். கிழக்குச் சுவர் காலையில் காய்ந்து சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். மேற்குச் சுவர் பிற்பகலில் காய்ந்து, நீங்கள் படுக்கிற நேரத்தில்தான் சூட்டை உள்ளே விடும். தெற்கு ஜன்னலில் நேர் வெயில் ஐப்பசிக்குப் பிறகு, குளிர்ந்த மாதங்களில்தான் நன்றாக விழும். மேல்தளம் வேண்டாம், மேற்கு பெட்ரூம் வேண்டாம், தெற்கு ஜன்னல் இருந்தால் விட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். மேல்தளம்தான் கிடைக்கிறது என்றால் எடுத்துக்கொள்ளலாம். அதை ஆற வைக்கிற வழியைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது காற்று. நமக்குக் கிழக்கே கடல். மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடற்காற்று வரும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று பலமாக இருக்கிற நாட்களில் அது சாயங்காலம்தான் வந்து சேரும். ஜன்னல் கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருந்தால் மட்டும் போதாது, உள்ளே வந்த காற்று வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு திறப்பு வேண்டும். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னலோரம் பிடியுங்கள். புகை உள்ளே நகர்ந்து இன்னொரு பக்கமாகப் போனால் அந்த வீட்டில் காற்றோட்டம் இருக்கிறது. அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றால் ராத்திரி புழுங்கும்.

இரவு போகும்போது பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பெட்ரூமில் சும்மா நில்லுங்கள். பேசின் பிரிட்ஜிலிருந்து கொருக்குப்பேட்டை வழியாக எண்ணூர் போகிற பாதை, வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் வழியாக வில்லிவாக்கம் போகிற பாதை என்று இந்தப் பகுதி முழுக்க ரயில் பாதைகள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வேறு. ஹாரன் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் எப்போது ஓடுகிறது, கால்வாய் வாடை வருகிறதா என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சத்தம் பழகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். காது பழகிக்கொள்ளலாம், ஆனால் பாதிப்பு நின்றுவிடுவதில்லை. நியூயார்க்கில் உயர்மட்ட ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு பள்ளியில் அர்லைன் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் செய்த ஆய்வு 1975-ல் வெளிவந்தது. தண்டவாளப் பக்கத்து வகுப்பறைகளில் படித்த குழந்தைகள், அமைதியான பக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள், வகுப்பறைக் கூரைகளில் சத்தத்தை உறிஞ்சும் பலகை பதித்தார்கள். அதற்கப்புறம் சோதித்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் இதை மனதில் வையுங்கள். நம் நாட்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. கைபேசியில் இருக்கிற டெசிபல் செயலி துல்லியமாகக் காட்டாது. இரண்டு வீடுகளை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

மழையைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். எதிர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேளுங்கள். "அக்கா, மிக்ஜாம் புயலுக்கு இந்தத் தெருவுல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு? எத்தனை நாள் நின்னுச்சு?" என்று கேட்டால் கையால் சுவரைத் தொட்டே காட்டிவிடுவார்கள். 2023 டிசம்பரில் வந்த அந்த வெள்ளத்தில் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் சில வீடுகளுக்குள் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்தது. தரைத்தளத்தில் தண்ணீர் ஏறுகிற வீடு என்றால், ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் மழைச் சத்தம் கேட்டதும் பதறி எழுந்து பீரோவைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பயத்தோடு குடியிருப்பதைவிட வாடகை கொஞ்சம் கூடக் கொடுத்து முதல் மாடிக்குப் போவது நல்லது என்பது என் கருத்து.

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, மண்ணடிப் பக்கம் சில பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் இருக்கிறது. மர உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய கூரை அது. கனமான சுவர், உயரமான கூரை, நடுவில் ஒரு முற்றமும் இருந்தால் வெயில் உள்ளே இறங்க வெகுநேரம் ஆகும். உத்திரத்தில் கரையான் இல்லை, ஒழுக்கு இல்லை என்று பார்த்துக்கொண்டு, அப்படி ஒரு போர்ஷன் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள்.

முதலில் படுக்கும் இடம்

சாவி கைக்கு வந்ததும் எந்த அறையில் எங்கே படுப்பது என்பதை முடிவு செய்யுங்கள். பெட்ரூம் என்று கட்டியிருப்பதில்தான் படுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெட்ரூம் மேற்கிலும் ஹால் கிழக்கிலும் இருந்தால் ஹாலில் படுங்கள், பெட்ரூமில் பீரோவையும் துணியையும் வையுங்கள். கட்டிலை மேற்குச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். கோடையில் தடித்த ஃபோம் மெத்தையை எடுத்து வைத்துவிட்டுத் தரையில் கோரைப்பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். பாய் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. கூரையின் சூட்டிலிருந்தும் கொஞ்சம் தள்ளி இருப்பீர்கள்.

மேல்தள வீடாக இருந்தால் மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்க வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். கான்கிரீட் கூரை பகல் முழுக்க வாங்கிய சூட்டை நடு இரவு வரை கீழே விட்டுக்கொண்டிருக்கும். அந்த அறையில் ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் கூரை அந்த அளவுக்குக் காயாது. கடையில் இதற்கென்றே கூல் ரூஃப் பெயின்ட் விற்கிறார்கள். பணம் அதிகம் என்றால் சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, ஒட்டுவதற்கு ஃபெவிகால் கலந்து, முதலில் மாடியை நன்றாகக் கூட்டிக் கழுவிக் காய வைத்து, இரண்டு கோட்டு அடிக்கலாம். மழையில் கரைந்துவிடும், அதனால் ஆண்டுதோறும் பங்குனி மாதத்தில் மறுபடி அடிக்க வேண்டும். வீட்டுக்காரர் செலவுக்குத் தயங்கினால் பாதிப் பணத்தை நீங்களே போடுங்கள். ஏ.சி. வாங்குவதற்கு முன் இதைச் செய்வதுதான் சரி. செய்துவிட்டு ஏ.சி. போட்டாலும் கரண்ட் பில் குறையும்.

மேற்கு ஜன்னலுக்கு நிழலை வெளிப்பக்கம் கொடுங்கள். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வீட்டுக்குள்தான் இருக்கும். வெளியே ஒரு மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டினால் வெயில் கண்ணாடிக்கே வராது. பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை அந்தப் பக்கத்தைச் சாத்தி வையுங்கள். இருட்டியதும், வெளியே உள்ளேயைவிடக் குளிர்ந்துவிட்டது என்று தெரிந்தவுடன், எல்லா ஜன்னலையும் திறந்து, சூடான பக்கத்து ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளிப்புறம் பார்த்து வைத்து ஓட விடுங்கள். உள்ளே தேங்கிய அனல் வெளியேற, எதிர்ப்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று தானே உள்ளே வரும். படுக்கிற நேரத்தில் ஃபேனைத் திருப்பிக்கொள்ளலாம்.

வெட்டிவேர் தட்டியில் தண்ணீர் தெளிப்பது, ஏர் கூலர் வாங்குவது இரண்டும் வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும். இங்கே மேற்குக் காற்று காய்ச்சுகிற வைகாசிப் பகலில் ஓரளவு பலன் உண்டு. கடற்காற்று வந்துவிட்டால் காற்றிலேயே ஈரம் அதிகம், அதோடு கூலரும் சேர்ந்தால் உடம்பு பிசுபிசுக்கும். கடலுக்குப் பக்கத்துத் தெருக்களில் கூலருக்குப் பணம் போடாதீர்கள்.

அடுத்தது கொசு. பக்கிங்ஹாம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் என்று இந்தப் பகுதியில் நீர்வழிகளுக்குக் குறைவில்லை. அதனால் சாயங்காலம் 6 மணி ஆனதும் எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்துவார்கள். கடற்காற்று நன்றாக வீசுகிற அந்த நேரத்தில் வீட்டை மூடிவிட்டுப் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் புது வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டியது ஜன்னல் கொசுவலை. வாடகை வீட்டுக்கு வெல்க்ரோ வகை போதும். ஜன்னல் சட்டத்தின் உட்பக்க அளவை நீளம் அகலம் எடுங்கள். நான்கு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் கூடுதலாக வலையை வெட்டுங்கள். சட்டத்தை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு வெல்க்ரோ பட்டையை ஒட்டுங்கள். தூசியின் மேல் ஒட்டினால் கொஞ்ச நாளில் பிரிந்து வரும். மாதம் ஒருமுறை கழற்றித் துவைக்க வேண்டும். இங்கே லாரிப் புழுதி அதிகம், வலைக்கண் அடைத்துக்கொண்டால் காற்று வராது.

கொசுவத்திச் சுருளை மூடிய அறையில் கொளுத்தாதீர்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சின்ன அறையில் குழந்தையோடு படுக்கிறவர்கள் அந்த எண்ணை மறக்கவே கூடாது.

சத்தத்துக்கு எதிராக வாடகை வீட்டில் செய்யக்கூடியது குறைவுதான். தடித்த திரை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், ரயில் ஹாரனைத் தடுக்காது. சத்தம் நுழைவது பெரும்பாலும் ஜன்னல், கதவு இடுக்குகள் வழியாக. அந்த இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டலாம். ஆனால் ஜன்னலைத் திறந்து படுக்கிற காலத்தில் அதனால் பயன் இல்லை. தலையைத் தெருப்பக்கத்திலிருந்து மாற்றி வைப்பது, பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில் பீரோவை வைப்பது, ஒரே சீராக ஓடுகிற ஃபேன் சத்தத்தில் மற்ற சத்தத்தை அமுங்க விடுவது, இவை நடைமுறையில் உதவும். ரொம்பவும் தொந்தரவு என்றால் மருந்துக் கடையில் காதடைப்பான் கிடைக்கும்.

இரவு வெளிச்சத்தை மாற்றுவதற்கு அதிகச் செலவு ஆகாது. நம் வீடுகளில் ஹால் முழுக்கப் பளீரென்று வெள்ளை டியூப் லைட் படுக்கிற நிமிடம் வரை எரியும். கண்ணுக்குள் பார்ப்பதற்கான செல்கள் தவிர, பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே ஒருவகைச் செல்கள் இருப்பதை 2002 வாக்கில் கண்டறிந்தார்கள். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் அவற்றை அதிகம் தூண்டும். ராத்திரி 8 மணிக்கு மேல் டியூப் லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் வெளிச்சம் தருகிற ஒரு பல்பைப் போடுங்கள். பெட்டியில் வார்ம் ஒயிட் என்று போட்டிருக்கும், 2700 அல்லது 3000 என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள். துறைமுகத்திலோ ஆஸ்பத்திரியிலோ நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் பகலில் தூங்க ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொள்வது அவசியம்.

இத்தனையும் செய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது என்றால் அதை வீட்டின் குறை என்று விட்டுவிடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் பக்கத்தில்தான் இருக்கிறது.

பகல் வெளிச்சமும் சுவரின் நிறமும்

குறுகிய சந்துகளில் வீட்டுக்கு வீடு கை நீட்டினால் தொட்டுக்கொள்ளலாம். பகலிலும் லைட் போட்டுத்தான் சமைக்க வேண்டியிருக்கும். சாதாரண வீட்டு விளக்கு தருவது 100, 200 லக்ஸ் அளவு வெளிச்சம். மேகம் மூடிய வானத்தின் கீழே நின்றால்கூட ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அதனால் இருட்டு வீட்டில் குடியிருப்பவர்கள் காலையில் அரை மணி நேரம் காபியோடு மொட்டை மாடிக்குப் போய்விட வேண்டும். இரவில் நேரத்துக்குத் தூக்கம் வரவும் அது உதவும்.

வீட்டுக்குள்ளே கூரையை வெள்ளையாகவும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரை வெளிர் நிறமாகவும் வையுங்கள். வருகிற கொஞ்ச வெளிச்சமும் உள்ளே பரவும். ஜன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடி மாட்டலாம். ஜன்னல் மேடையில் அடுக்கிய டப்பாக்களை எடுத்துவிடுங்கள், அதற்கே பெரிய வித்தியாசம் தெரியும். நீலம் அமைதி தரும், சிவப்பு கோபம் தரும் என்றெல்லாம் சொல்வதற்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் இல்லை. உங்கள் கண்ணுக்குப் பிடித்த ஏதாவது ஒரு வெளிர் நிறம் அடித்துக்கொள்ளுங்கள்.

ஓதமும் வாடையும்

கடலோரத் தரைத்தள வீடுகளில் சுவரின் கீழ்ப்பகுதி உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். அதன் மேல் எமல்ஷன் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் பலூன்போல் உப்பி வந்துவிடும். அந்த அடிப்பகுதிக்குச் சுண்ணாம்புதான் நல்லது, ஈரம் வெளியேற வழி விடும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது மூச்சுத் திணறலைக் கிளப்பும். ஐப்பசி கார்த்திகையில் துணியைப் படுக்கிற அறைக்குள் கொடி கட்டிக் காயவைக்காதீர்கள். பாத்ரூம் பக்கமோ மாடிப்படி அடியிலோ கட்டிக்கொள்ளுங்கள். கிச்சனில் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லை என்றால் குடிவரும் முன்பே போட்டுத் தரச் சொல்லுங்கள். மீன் பொரிக்கிற வாசனையும் தாளிப்புப் புகையும் படுக்கை வரை வந்தால் அடுத்த நாள்வரை போகாது.

வெளிக்காற்றைப் பொறுத்தவரை இந்தப் பகுதியின் சுமை பெரியது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல் மின் நிலையங்கள், கொடுங்கையூரில் குப்பைக் கிடங்கு எல்லாம் வீடுகளுக்கு இத்தனை அருகில் இருக்கின்றன. இதை மாற்ற வேண்டியது அரசின் பொறுப்பு, குடியிருப்பவர்கள் சேர்ந்து கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது காற்றின் திசையைப் பழகிக்கொள்வது. எந்த மாதம் எந்த வேளையில் எந்தப் பக்கத்திலிருந்து வாடை வருகிறது என்று கொஞ்ச காலம் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும், அந்த நேரத்தில் அந்தப் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்தினால் போதும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் நிலையங்களின் காற்றுத் தரத்தைப் பார்க்கலாம். அளவு மோசமான நாளிலும் போகி அன்று விடியற்காலையிலும் வீட்டைத் திறந்து போடாதீர்கள்.

செடி

செடி வளர்த்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்ற பேச்சு, நாசா 1989-ல் மூடிய பெட்டிகளுக்குள் செய்த சோதனையிலிருந்து பரவியது. சாதாரண வீட்டில் அந்த அளவு பலன் வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வைக்க வேண்டியிருக்கும் என்று பிறகு வந்த கணக்குகள் காட்டின. அது நடக்காது. ஆனால் பச்சையைப் பார்ப்பதற்கே ஒரு பலன் உண்டு. ரோஜர் உல்ரிச் 1984-ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மாத்திரைகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஆகவே தொட்டியை எங்கே வைக்க இடம் இருக்கிறது என்று பார்க்காமல், நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற, காய் நறுக்குகிற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். உப்புக்காற்றுக்குக் கற்றாழை, நித்தியகல்யாணி, காகிதப்பூ, கற்பூரவள்ளி தாங்கும். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள், டெங்கு கொசு அதில்தான் முட்டை இடும்.

சாமான்களும் ஆளுக்கொரு மூலையும்

சின்ன வீட்டில் எல்லாமே எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். தண்ணீர்க் குடங்கள், டிரம், சிலிண்டர், இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி. அமெரிக்காவில் 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தங்கள் வீடு இறைந்து கிடக்கிறது, வேலை முடியாமல் கிடக்கிறது என்று சொன்ன மனைவிமார்களுக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்ட்டிசால் அளவு நாள் முழுக்கக் குறைய வேண்டிய விதத்தில் குறையவில்லை என்று தெரிந்தது. ஒரே வீட்டில் வாழ்ந்த கணவன்மார்களிடம் அது அவ்வளவாகத் தென்படவில்லை. வீட்டு வேலை யார் தலையில் விழுகிறது என்பதையும் அது காட்டுகிறது என்று நினைக்கிறேன். ஒழுங்குபடுத்துவதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டும்.

புது அலமாரி வாங்கும் முன் லாஃப்டையும் கட்டிலின் அடியையும் நிரப்புங்கள். லாஃப்டுக்கு ஒரு துணித் திரை கட்டினால் கண்ணுக்கு ஓய்வு. தண்ணீர்ப் பாத்திரங்களுக்கு என்று ஓர் இடம் ஒதுக்குங்கள். மெட்ரோ வாட்டர் எந்த நேரம் வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி டிரம்களைக் குறைத்துவிடலாம். ஒரு சுவரையாவது ஒன்றும் மாட்டாமல் வெறுமையாக விடுங்கள்.

நான்கைந்து பேர் இருக்கிற வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? இடத்தைப் பிரிக்க முடியாதபோது நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஜன்னலோர இடம் காலையில் படிக்கிற பிள்ளைக்கு, மத்தியானம் தையல் போடுகிற அம்மாவுக்கு, ராத்திரி வேலையிலிருந்து வருகிறவருக்கு. அந்த நேரத்தில் மற்றவர்கள் அங்கே வந்து பேச மாட்டோம், டி.வி. சத்தத்தைக் குறைப்போம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அலமாரித் தட்டு, அதை வேறு யாரும் கலைக்கக் கூடாது. புது மருமகளுக்கு இது ரொம்ப முக்கியம். தெரியாத வீட்டில் தன்னுடையது என்று சொல்ல ஒரு தட்டும் ஒரு நேரமும் இருந்தால் அவர் சீக்கிரம் அந்த வீட்டோடு ஒட்டிக்கொள்வார். சுவரில் மடக்கி வைக்கிற மேஜையைத் தச்சரிடம் சொன்னால் அளவெடுத்துச் செய்து தருவார். படிப்பு மேஜை, சாப்பாட்டு மேஜை இரண்டுக்கும் ஆகும்.

வாசலுக்கு வெளியே

வட சென்னையில் வீடு வாசலோடு முடிவதில்லை. சாயங்காலம் ஆனால் பெண்கள் படியில் உட்கார்ந்து பூக்கட்டுவார்கள், பசங்க தெரு முனையில் கேரம் ஆடுவார்கள், பெரியவர்கள் டீக்கடையில் இருப்பார்கள். வேறு ஊரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். சின்ன வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் தனிமை அதிகமாகும். சாயங்காலம் ஒரு மணி நேரமாவது கிரில் கேட்டைப் பூட்டிக்கொண்டு மரக்கதவைத் திறந்து வையுங்கள். காற்றும் வரும், பக்கத்து வீட்டு ஆயா "எந்த ஊரு கண்ணு?" என்று கேட்கவும் வழி கிடைக்கும். லாரித் தண்ணீர் எப்போது வரும், எந்த டாக்டர் நன்றாகப் பார்ப்பார், எந்தத் தெருவில் இரவு லைட் எரியாது என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் தெரியவரும்.

வாரத்தில் சில நாளாவது திறந்த வெளிக்குப் போய் வாருங்கள். 1949-ல் தி.மு.க. தொடக்க விழாக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா ராயபுரத்தில் இருக்கிறது, இப்போது அதற்கு அறிஞர் அண்ணா பெயர். பெரம்பூரில் மேம்பாலத்தை ஒட்டி முரசொலி மாறன் பூங்கா இருக்கிறது. திருவொற்றியூர்க் கடலோரத்தில் பல இடங்களில் மணல் இல்லாமல் தடுப்புக் கற்கள்தான் இருக்கின்றன. கற்களின் மேல் ஏறாமல் சாலையோரம் நின்றாலும் காற்று வாங்கலாம். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீண்ட பிறகு வேறு பக்கம் போய் வருவதும் சுலபமாகிவிட்டது.

கடைசியாக மொட்டை மாடி. 400 சதுர அடி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு வானம் தெரிகிற ஒரே இடம் பெரும்பாலும் அதுதான். வாடகை பேசும்போதே மாடிச் சாவி யாரிடம் இருக்கும், எத்தனை மணி வரை போகலாம், துணி காயப்போடவும் நான்கு தொட்டி வைக்கவும் அனுமதி உண்டா, கோடையில் இரவு படுக்கலாமா என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவர் உங்கள் இடுப்புக்கு மேல் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே ஏறிப் பார்த்துவிடுங்கள். மூடி இல்லையென்றால் போட்டுக் கொடுத்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.